பஸ் டிரைவர் கண்ணில் படாத சைக்கிள்

முதுகில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு, சாய்ந்து படுத்தபடி மிதிக்கும் தாழ்வான சைக்கிளைத்தான் ஓட்டுகிறேன். தூத்துக்குடி உப்பளச் சாலைகளில் நன்றாகப் பழகியதும், கொடைக்கானல் மலையேற ஆசை வந்தது. என் கணவர் ஸ்கூட்டரில் பின்தொடர்ந்தார்.

ஒரு கொண்டை ஊசி வளைவில், மேலிருந்து வந்த பஸ் நேராக என்னை நோக்கித் திரும்பியது. "ஏளா, ஓரமா ஒதுங்கு!" என்று பின்னாலிருந்து அலறிய கணவர், ஸ்கூட்டர் ஹாரனை விடாமல் அடித்தார். ஒரு முழ இடைவெளியில் பஸ் நின்றது.

"தரையோட தரையா வந்தா எப்படிம்மா தெரியும்?" என்று ஜன்னல் வழியே கேட்டார் டிரைவர்.

"திரும்பிருவோமா?" என்றார் கணவர்.

"இவ்வளவு தூரம் ஏறிட்டு எதுக்கு இறங்கணும்? வாங்க, போவோம்."

அவருடைய சிவப்புத் துண்டைக் கம்பில் கட்டி, என் இருக்கைக்குப் பின்னால் செருகினோம். சாயங்காலம் ஏரியைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். இப்போதெல்லாம் தெருமுனைக் கடைக்குப் போனாலும், ஆளுயரக் கொடி இல்லாமல் நான் சைக்கிளை எடுப்பதில்லை.