கட்டைவிரல் வைக்காத வீடு

கதையா நிஜமா என்று கேட்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. வலது கட்டைவிரலை நீட்டிக் காட்டுவேன். முப்பத்தொரு வருஷமாக அது மடங்கவில்லை. எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு என் பெட்டியில் இருக்கிறது. அதில் தேதி இருக்கிறது, நேரமும் இருக்கிறது. பொய் சொல்லிப் பேர் வாங்கும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது.

போர் முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. நான் கருணை மனுப் பிரிவில் தலைமை எழுத்தர். தோற்ற பக்கத்தில் நின்றவர்களைப் பிடித்து விசாரித்து, தினமும் பத்துப் பதினைந்து பேருக்குத் தூக்கு எழுதிக்கொண்டிருந்த காலம். அவர்களுடைய மனுக்கள் எங்கள் ஜன்னலுக்கு வரும். ஜன்னலுக்குக் கம்பிவலை போட்டிருந்தோம். வரிசையில் நிற்கும் பெண்கள்மேல் தெருவில் போகிறவர்கள் கல்லெறிவார்கள். சில மனுக்கள் உள்ளே வரும்போதே அவற்றின்மேல் ரத்தம் காய்ந்திருக்கும். அதைப் பிளேடால் சுரண்டிவிட்டு எண் போடுவோம்.

அங்கே ஒரு விதி இருந்தது. கைதியின் ரத்த உறவு ஒருவர், 'இவன் எங்கள் வீட்டுப் பிள்ளை, இவனுக்கு நான் பொறுப்பு' என்று மனுவின் அடியில் கட்டைவிரல் ரேகை வைக்க வேண்டும். கையெழுத்து செல்லாது. போர்க்காலத்தில் கள்ளக் கையெழுத்து அவ்வளவு மலிந்துபோயிருந்தது. நீதிபதியே வந்தாலும் விரல்தான். ரேகை விழுந்த நிமிஷமே நான் சிறைக்குப் போன் செய்வேன். தூக்கு நிற்கும். மன்னிப்பா இல்லையா என்பதெல்லாம் அப்புறம். ரேகை இல்லாத மனு கட்டோடு மேலே போகும். அதை யாரும் பிரித்துப் பார்க்கமாட்டார்கள்.

விரல் வைத்தவரின் பெயரும் விலாசமும் மறுநாள் வாசல் பலகையில் ஒட்டப்படும். அந்த வீடுகளுக்கு என்ன நடந்தது என்று ஊருக்கே தெரியும்.

அன்று பன்னிரண்டு மனு. பன்னிரண்டாவது என் தம்பியுடையது.

அவன் பள்ளிக்கூட வாத்தியார். தோற்ற பக்கத்து ரேடியோவில் செய்தி வாசித்தான். அதற்குத்தான் தூக்கு. அவன் போரிலேயே செத்துப்போனான் என்று ஊருக்கெல்லாம் நான் சொல்லி வைத்திருந்தேன். என் மகளுக்கு அப்போதுதான் வரன் முடிவாகியிருந்தது. சிறு வயதிலிருந்தே அவன் சொன்ன பேச்சு கேட்டவன் இல்லை. ஒருமுறை என் பேனாவைத் தொட்டதற்கு அவனை பெல்ட்டால் விளாசினேன். அவன் என் வலது கட்டைவிரலைக் கடித்துவிட்டான். அரைவட்டமாக நாலு பல். அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது.

மதியம் 2.40.

தம்பி மனைவி கம்பிவலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். நெற்றியில் கல் பட்டு ரத்தம் வழிந்து புருவத்தில் உறைந்திருந்தது.

"மாமா, ஒரு விரல். அவ்வளவுதான்."

"இங்க வந்து மாமான்னு கூப்பிடாதே."

"சரிங்க சார். ஒரு விரல்."

"எங்க வீட்டுல மூணு தலைமுறையா யாரும் கைநாட்டு வச்சதில்ல. எங்கப்பா சாகக் கிடந்தப்பகூட உயில்ல கையெழுத்துத்தான் போட்டார்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் எதிர்பார்க்கவில்லை.

"அவர் கழுத்தைவிட உங்க விரல் உசத்தியா மாமா?"

"தூக்கு நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்கு. கட்டு இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் போகும். பார்க்கலாம். போ."

பார்க்கலாம் என்றுதான் சொன்னேன். முடியாது என்று சொல்லவில்லை. இதை யார் முன்னாலும் சொல்வேன்.

3.50. எங்களிடம் முத்திரை குத்துகிற ஆள் குடையை எடுத்தான். அவனை எல்லோரும் 'சீல்' என்றே கூப்பிடுவோம்.

"சார், ஊர்ல கலவரமாம். நாலு மணிக்கு ஊரடங்கு."

"கட்டு போகணுமே."

"அஞ்சு மணிக்கு ஜீப் வரும், அவங்களே திறந்துக்குவாங்க. உங்க பேனாவுக்கு ஊரடங்கு கிடையாது சார். என் மண்டைக்கு உண்டு."

கலவரக்காரர்கள் உள்ளே நுழையாமலிருக்க வெளிக்கதவைப் பூட்டிக்கொண்டு போனான். தாழ் விழுந்த சத்தம் என் காதில் விழுந்தது. உள்ளே நான் மட்டும். வெளியே மழை பிடித்துக்கொண்டது. நாலு மணிக்கே அறை இருட்டிவிட்டது.

பன்னிரண்டு மனுக்களையும் அடுக்கி நாடாவால் கட்டினேன். பன்னிரண்டாவதை அடியில் வைத்தேன். என் கையால் போட்ட இரட்டை முடிச்சு.

4.10.

தட்...

காலுக்குக் கீழே. கனமான பலகை ஒன்று அறுந்து விழுந்ததுபோல. நாற்காலியே அதிர்ந்தது.

எங்கள் அலுவலகம் தரைத்தளம். கீழே அறை கிடையாது. மண்தான்.

4.16. மைப்பெட்டி திறந்திருந்தது. சீல் மறந்துவிட்டுப் போயிருப்பான் என்று மூடினேன்.

4.19. மறுபடி திறந்திருந்தது. பஞ்சில் ஒரு கட்டைவிரல் பதிந்த பள்ளம். நான் பார்க்கப் பார்க்கவே அந்தப் பள்ளத்தில் மை ஊறி வந்தது.

4.22. மனுக்கட்டைப் பார்த்தேன். முடிச்சு நான் போட்டபடியே இருந்தது. நாடா கொஞ்சம்கூடத் தளரவில்லை.

மேலே இருந்தது பன்னிரண்டாவது மனு.

எழுந்து கதவுக்குப் போனேன். இழுத்தேன். பூட்டு. கத்தலாமா என்று நினைத்தேன். தெருவில் யாரையோ துரத்தி அடித்துக்கொண்டிருந்தார்கள். தடி எலும்பில் விழும் சத்தம்... அப்புறம் அதுவும் நின்றது.

4.27. சுவரில் ரேகை.

ஒன்று... அதற்கு ஓரடி தள்ளி இன்னொன்று... கறுப்பாக, ஈரமாக. தரையிலிருந்து எட்டடி உயரத்தில். யாரோ சுவரைப் பிடித்தபடி மேலேயே நடந்து வருவதுபோல. வரிசை என் நாற்காலியை நோக்கி வந்தது.

சரக்... சரக்...

கால் நுனி மட்டும் தரையில் உரசும் சத்தம்.

கூடவே, கயிறு முறுகும் சத்தம்.

என் பிடரியில் ஏதோ சொட்டியது. தொட்டுப் பார்த்தேன். மை இல்லை.

"அண்ணா."

திரும்பினேன்.

கழுத்து ஒரு பக்கமாகத் தொங்கியது. காது தோளில் படுத்திருந்தது. முகம் நீலமாக உப்பியிருந்தது. குதிகால் தரையில் படவில்லை.

"பார்க்கலாம்னு சொன்னீங்களே அண்ணா... பாருங்க."

ஓட நினைத்தேன். என் பின்தலை அவன் கையில் இருந்தது.

மேஜையில் மோதினான். ஒருமுறை. இரண்டுமுறை. மூன்றாவதில் என் முன்பல் உடைந்து வாய்க்குள் விழுந்தது.

வலது கையைப் பிடித்தான். ஐஸ் மாதிரி இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். நான் முஷ்டியை இறுக்கினேன். கட்டைவிரலை உள்ளே மடக்கி வைத்துக்கொண்டேன்.

அதை அவன் வெளியே வளைத்தான்.

நொறுக்.

இன்னும் வளைத்தான்.

நொறுக்.

"வைங்க அண்ணா."

நகக்கண் கிழிந்து ரத்தம் கொட்டியது. மை தேவைப்படவில்லை. மனுவின் அடியில், ரத்த உறவு என்று போட்ட கட்டத்தில் அழுத்தினான்.

ரேகை விழுந்ததை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

மணி 4.41.

பிடி விட்டுப்போனது. அறையில் யாரும் இல்லை. சுவர் சுத்தமாக இருந்தது. இடது கையால் போனை எடுத்தேன்.

"கருணை மனுப் பிரிவு. பன்னிரண்டாம் மனு. உறவு விரல் வச்சாச்சு. நிறுத்துங்க."

"யாருங்க உறவு?"

"நான்தான். அவனோட அண்ணன். அவன் எங்க வீட்டுப் பிள்ளை."

அந்தப் பக்கம் ஏடு புரளும் சத்தம் கேட்டது.

"சார்... ஊர்ல கலவரம்னு மேல இருந்து உத்தரவு வந்துச்சு. நாளைக்கு வேணாம், இன்னைக்கே முடிச்சிடுங்கன்னாங்க. நாலு பத்துக்கே பலகையை இழுத்துட்டோம். ஒரு மணி நேரம் முன்னாடி சொல்லியிருந்தாக்கூட..."

நான் போனை வைத்தேன். மனுவைப் பார்த்தேன்.

கட்டம் வெள்ளையாக இருந்தது. ஒரு பொட்டு ரத்தம்கூட இல்லை. என் கையிலிருந்து மேஜையில் வழிந்த ரத்தம் காகிதத்தின் விளிம்புவரை வந்து நின்றிருந்தது.

மூன்றாம் நாள் உடலை வாங்கச் சிறைக்குப் போனேன். வாசலில் பெயரைச் சொல்லி, அண்ணன் என்று சொல்லித்தான் உள்ளே போனேன். தம்பி மனைவியும் வந்தாள். என் கைக்கட்டை மட்டும் ஒருமுறை பார்த்தாள்.

சிறை எழுத்தர் பெரிய ஏடு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். தூக்குப் போட்டு அரை மணி தொங்கவிட்டு இறக்குவார்களாம். இறக்கியதும், இன்னார்தான் செத்தார் என்பதற்கு அடையாளமாகப் பிணத்தின் வலது கட்டைவிரலை ஏட்டில் பதிப்பார்களாம்.

"உங்க தம்பி ரேகையை நான்தான் எடுத்தேன் சார். மணி நாலு நாற்பத்தொண்ணு. இருபது வருஷ சர்வீஸ்ல இப்படிப் பார்த்ததில்ல. நான் மை தடவித்தான் வச்சேன். சிவப்பா விழுந்துச்சு."

ஏட்டை என் பக்கம் திருப்பினார்.

"அவருக்குச் சின்ன வயசுல நாய் ஏதாவது கடிச்சிருக்கா சார்? விரல்ல தழும்பு எதையும் நான் பார்க்கல. ஆனா ரேகையில இருக்கு பாருங்க."

குனிந்து பார்த்தேன்.

தூக்கிலிடப்பட்டவர் என்று போட்ட கட்டத்தில், காய்ந்த ரத்தத்தில், ஒரு கட்டைவிரல்.

அதன் நடுவில், அரைவட்டமாக நாலு பல்.