மெஷ்ஷைப் பொடியாக்கிய பத்து நாட்கள்

இந்த ஜெர்மன் ஊரில் மதியம் பன்னிரண்டு மணி ஆனால், அலுவலக வராந்தாவில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் "மால்சைட்" என்கிறார்கள். சாப்பாட்டு வேளை என்று பொருள். சேர்ந்த புதிதில், சாப்பிட்டாச்சா என்று விசாரிக்கிறார்கள் என்று நினைத்து, "இன்னும் இல்லை, கொஞ்ச நேரம் ஆகும்" என்று நின்று பதில் சொல்வேன். அதற்குள் அவர்கள் தாண்டிப் போயிருப்பார்கள். அது வெறும் வணக்கம் என்று புரிய ஒரு மாதம் ஆனது. அப்படிச் சிரித்துவிட முடியாத இன்னொன்றையும் தப்பாகப் புரிந்துகொண்டேன்.

ரேடார் அலைகளைக் கொண்டுபோகும் மிகச் சிறிய உலோகக் குழாய்களை வடிவமைப்பது என் வேலை. செய்வதற்கு முன் கணினியில் ஓட்டிப் பார்ப்போம். கணினி குழாயின் உள்வெளியைச் சிறு கட்டங்களாக வெட்டிக்கொள்ளும், அதுதான் மெஷ், வலை. கட்டம் பெரிதாக இருந்தால் ஒரு மணி நேரத்தில் விடை வரும், ஆனால் நம்ப முடியாது. பொடியாக்கினால் நாள்கணக்கில் ஓடும். சுற்றுக்குச் சுற்று மேலும் பொடியாக்கி ஓட்டுவோம்; விடை மாறவில்லை என்றால் நிறுத்தலாம்.

கொல்லிமலையில், திண்ணனூர் நாடு என்கிற எங்கள் ஊர்ப்பகுதியில், மிளகு பறிக்க ஏறிய அப்பா மரத்திலிருந்து விழுந்து படுத்த படுக்கையாகிவிட்டார். டிக்கெட் போட்டுவிட்டேன். கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது மூன்றாம் சுற்று முடிந்தது. விடை முந்தியதிலிருந்து நகர்ந்திருந்தது. "நான் போகலாமா, இருந்து முடிக்கட்டுமா?" என்று மேலாளரிடம் கேட்டேன். திரையிலிருந்து முகம் திருப்பாமல் "உங்கள் விருப்பம்" என்றார். எங்கள் பக்கம் "உங்க இஷ்டம்" என்று ஒருவர் சொன்னால், கோபமாக இருக்கிறார் என்று அர்த்தம். பயணத்தைப் பத்து நாள் தள்ளிப் போட்டேன்.

அப்பாவிடம் போனில் சொன்னேன்.

"அந்த வலை இன்னும் பொடியாகோணுமா கண்ணு?"

"ஆமாங்கப்பா. விடை மாறாம நிக்கோணும்."

"செரி சாமி. நின்னதும் வா."

நான்காம் சுற்றில் விடை மாறவில்லை. அதாவது, டிக்கெட்டை மாற்றிய அன்று கையில் இருந்த மூன்றாம் சுற்று விடையே போதுமானது. அப்போதாவது கிளம்பியிருக்கலாம். எதற்கும் இருக்கட்டும் என்று ஐந்தாம் சுற்றை ஓட்டினேன். அது பாதி ஓடிக்கொண்டிருந்தபோது அண்ணன் கூப்பிட்டான்.

"அப்பா போயிட்டாரு பாப்பா. நீ வர்ற வரைக்கும் வெச்சிருக்க முடியாது."

மேலாளரிடம் சொன்னபோது எழுந்து நின்றுவிட்டார். "உங்கள் விருப்பம் என்றால் போகலாம் என்றுதானே அர்த்தம்?" என்றார். அவர் மேல் பிழை இல்லை. என்னால் அழக்கூட முடியவில்லை.

எல்லாம் முடிந்த மூன்றாம் நாள் நாமக்கல்லில் பஸ் ஏறினேன். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திணறித் திரும்பிக்கொண்டிருந்தது. புது கண்டக்டர், என் பெட்டியைப் பார்த்துவிட்டு, "அருவி பாக்கவாங்க?" என்று கேட்டார்.

"இல்லீங்க, ஊட்டுக்கு."

"யாரு ஊட்டுக்குங்க?"

அப்பா பெயர் வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டு, அண்ணன் பெயரைச் சொன்னேன்.