முனியம்மாவின் கட்டத்தில் என் ரேகை

அப்பா, இங்கே ரப்பர் மரம் சீவப் போவதற்கும் அடையாள அட்டை காட்ட வேண்டும். சுவா என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்தைச் சுற்றி முள்வேலி போட்டாகிவிட்டது. காட்டில் ஒளிந்து வெள்ளைக்காரனோடு சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போய்விடக் கூடாதாம். வாசலில் நிற்கும் மலாய்க் காவலாளி அட்டையைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, மறுபடி அட்டையைப் பார்ப்பான். நம் ஊரில் இன்னார் மகன் என்றால் போதும். நான் கிராணி, தோட்டத்துக் கணக்கெழுதிக் காகிதத்தோடு பிழைப்பவன். நானே வாசலுக்கு வரும்முன் அட்டையை இரண்டு முறை தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

போலீஸ் கேட்ட ஆள் பட்டியலைச் சரிபார்ப்பது என் வேலை. பெயர்க் கட்டத்தில் எழுத்து, வயதுக் கட்டத்தில் எண், கடைசிக் கட்டத்தில் கோடு தெரியும் கட்டைவிரல் ரேகை. எதில் எது இருக்க வேண்டுமோ அது இல்லையென்றால், அந்த ஆளை விசாரணைக்கு லாரியில் ஏற்றிவிடுவார்கள். "ஜப்பான்காரன் வந்தப்ப எனக்குக் கல்யாணம்" என்றவர்களின் வயதை எப்படியோ எண்ணாக்கினேன். முனியம்மாவிடம்தான் மாட்டிக்கொண்டேன். ரப்பர் பால் உறைய ஆசிட் கலப்பது அவள் வேலை. துண்டுக் காகிதத்தில் மூன்று முறை அழுத்தியும் வெறும் கறைதான் விழுந்தது.

"ஆசிட் தின்னுருச்சி லா ஐயா" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் போனதும், பெரிய புத்திசாலி மாதிரி, பட்டியலில் என் விரலை வைத்தேன்.

மறுவாரம் வெள்ளைக்கார அதிகாரி வந்து பட்டியலில் இருந்த தொழிலாளிகள் எல்லோரையும் மறுபடி அழுத்தச் சொன்னார். முனியம்மாவுக்குப் பட்டியலில் கோடு, புதுத் தாளில் கறை. அது யார் விரல் என்று கேட்டார். அதைத் தமிழில் சொல்ல வேண்டியவனும் நானே. அவள் என் முகத்தைப் பார்த்தாள், அது என் விரல் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"என் கைதான்னு சொல்லிடுங்க ஐயா. என்னைய என்னா செஞ்சிடுவாங்க?"

முதல் பாதியை மட்டும் ஆங்கிலத்தில் சொன்னேன். கறை கண்முன்னே இருந்ததால் அதிகாரி அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார். அவளை ஏற்றிக்கொண்டு போலீஸ் லாரி லுக்குட் சாலையில் போனது. நான் பட்டியலைச் சுருட்டிக்கொண்டு ஆபீசுக்குத் திரும்பினேன். இதை எழுதவும் வெட்கமாக இருக்கிறது.

ஆசிட் விரலைத் தின்னும் என்று தோட்டத்துத் துரை எழுதிக் கொடுத்தபின், நான்காம் நாள் விட்டார்கள். கன்னம் ஒட்டி வந்தாள். அங்கே என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் பட்டியலில் இருக்கும் கோடு யாருடையது என்று இன்னும் தேடுகிறார்களாம். எங்கள் தோட்டத்திலிருந்து ரேகையோடு போகும் ஒவ்வொரு தாளையும் அதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

ஊருக்கு வந்துவிடு என்று எழுதுகிறீர்கள். கப்பல் ஏறவும் அனுமதித் தாளில் கட்டைவிரல் வைக்க வேண்டும். பெயரை எழுதிவிட்டேன், வயதையும் எழுதிவிட்டேன். வைத்தால் இங்கே மாட்டுவேன். வைக்காவிட்டால் உங்கள் முகத்தைப் பார்க்க முடியாது. நாகப்பட்டினத்துக்குக் கப்பல்கள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. நான் மை காயாத விரலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.