தண்ணீர் ஒட்டினால்தான் நிக்கல் ஒட்டும்

நிக்கல் முலாம் தொழிலில் துருவைக்கூடச் சமாளித்துவிடலாம், மனிதர்களின் விரல்களைச் சமாளிக்க முடியாது. பட்டறையில் குப்பை கொட்டிய உங்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அறுபதுகளின் கடைசியில், கிருஷ்ணகிரியில் நான் பட்டறை வைத்திருந்தபோது பட்டவை இவை.

வாழையிலை நியாயம்

ஓசூர் சாலையில் சைக்கிள் கடை வைத்திருந்த முனிரெட்டி ஒரு ஹேண்டில்பார் கொண்டுவந்தார். சுண்ணாம்பு போட்டுத் தேய்த்து, தண்ணீரில் முக்கித் தூக்கினேன். தண்ணீர் முத்து முத்தாக உருண்டது. எண்ணெய்ப் பசை போகவில்லை என்று அர்த்தம். சுத்தமான உலோகத்தில் தண்ணீர் எங்கும் பிரியாமல் ஏடாகப் படர்ந்து நிற்கும். அதில்தான் நிக்கல் பிடிக்கும். மறுபடி தேய்க்க உட்கார்ந்தேன். அவருக்குப் பொறுக்கவில்லை.

"தண்ணி ஒட்டாம ஓடுனாத்தானுங்க சுத்தம்? எங்கூட்டு வாழையெலையில ஒட்டுதா, பாருங்க."

சனிக்கிழமை உள்ளங்கை

அவர் கேட்டது மண்டையைக் குடைந்தது. கண்ணில் பட்டதையெல்லாம் நனைத்துப் பார்த்தேன். வாழையிலையைச் சுரண்டினால் மெழுகு வந்தது, அதனால்தான் உருள்கிறது. சோப்புப் போட்டுக் கழுவிய மூக்குக்கண்ணாடியில் தண்ணீர் படர்ந்தது. என்னோடு வேலை செய்த பசப்பாவின் உள்ளங்கையில் மட்டும், சனிக்கிழமைகளில், முத்து முத்தாக நின்றது. சனிக்கிழமை போட்ட முலாம்தான் அடிக்கடி உரிந்தது. எண்ணெய்க் குளியலை வேறு நாளைக்கு மாற்றிக்கொள்ளேன் என்றேன்.

"சனிக்கெழம எண்ணெ தேய்க்காட்டி எம்பொண்டாட்டி சோறு போடமாட்டா. நிக்கல வேணா ஞாயித்துக்கெழம போட்டுக்கலாம்."

சூசை அண்ணன் தொட்டது

மாதா கோயிலில் மணியடிக்கும் சூசை அண்ணன், பவனியில் முன்னால் போகும் பித்தளைச் சிலுவையைக் கொண்டுவந்தார். ஞாயிறு திருவிழா. முதல் தடவையாக அவர்தான் அதைத் தூக்கப்போகிறார். கழுவித் தூக்கியபோது தண்ணீர் அடி முதல் நுனிவரை அழகாகப் படர்ந்திருந்தது. அண்ணன் சட்டென்று தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உங்கள் கை பட்டதால் திரும்பக் கழுவ வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்படியே நிக்கல் தொட்டியில் இறக்கிவிட்டேன்.

வியாழக்கிழமை துடைத்தபோது, அவர் தொட்ட இடத்தில் மட்டும் நான்கு விரல் அகலத்துக்கு நிக்கல் தோலாக உரிந்து வந்தது. தப்பு என்னுடையது. வெட்கத்தோடு அவரைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன். அவர் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய முலாமை எடுத்து, முதலிலிருந்து தேய்த்தோம். சனிக்கிழமை காலையில் தண்ணீர் மறுபடி பிரியாமல் நின்றது. தொட்டியிலிருந்து சிலுவையை எடுக்கும்வரை அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டே நின்றார். மெருகேற்றி, துடைத்து, அவரிடம் நீட்டினேன். உடனே வாங்கவில்லை.

"இப்பத் தொடலாங்களா?"

அந்த நிக்கல் இன்றுவரை உரியவில்லை. அன்று எண்ணெய் தேய்க்காமல் வந்த பசப்பாவுக்குத்தான் வீட்டில் சோறு கிடைக்கவில்லை.