காலியா என்று கேட்ட கதவு

சத்தியமாக நடந்தது. இத்தனை நாள் பொய்யிலேயே ஓட்டிவிட்டேன். இதிலும் பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

எங்கள் மருந்துக் கிடங்கில் குளிரறைக் கதவு மதியம் 1:30க்குத் தானாகப் பூட்டிக்கொள்ளும். உள்ளிருந்து திறக்க முடியாது. அதற்கான கணினிக் கட்டளைகளை, ஷெல் ஸ்கிரிப்டை, எழுதியவன் நான். அறை காலியா என்று ஸ்கிரிப்ட் சென்சரைக் கேட்கும். காலி என்றால் ‘ட்ரூ’, ஆள் இருந்தால் ‘ஃபால்ஸ்’. ட்ரூ வந்தால் மட்டும் பூட்ட வேண்டும்.

நான் வந்த பதிலை அப்படியே ‘இஃப்’ என்ற நிபந்தனையின் அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டேன். அங்கே ஏதோ ஒரு சொல் இருந்தாலே போதும், ஷெல் அதை உண்மை என்று எடுத்துக்கொள்ளும். அந்தச் சொல் ‘ஃபால்ஸ்’ ஆக இருந்தாலும் சரி. காலி அறையில் ஒரு தடவை சோதித்துவிட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அரை நாள் விடுமுறை ஒன்றில் ஸ்டோர்கீப்பர் அண்ணன் உள்ளே இருந்தார். கதவு பூட்டிக்கொண்டது. மறுநாள் காலைதான் திறந்தார்கள். உயிர் இல்லை.

குடித்துவிட்டு உள்ளே தூங்கிவிட்டார் என்று மேனேஜர் போலீஸுக்கு எழுதிக் கொடுத்தார். அண்ணி ஆபீஸ் வாசலில் நின்று ஒன்றை மட்டும் சொன்னார்.

“அவரு குடிக்கவே மாட்டாருங்க.”

நான் யாருக்கும் தெரியாமல் ஸ்கிரிப்டில் அந்த ஒரு வரியைத் திருத்தினேன். வேலை போய்விடுமே என்று வாயைத் திறக்கவில்லை.

எட்டு நாள் கதவு ஒழுங்காகப் பூட்டியது. ஒன்பதாம் நாள் பூட்டவில்லை. ஸ்கிரிப்ட் எழுதிவைக்கும் பதிவைப் பார்த்தேன். 1:30... ஃபால்ஸ். உள்ளே போய்த் தேடினேன். யாருமில்லை. மறுநாளும் அதேதான்.

அதற்கும் அடுத்த நாள் 1:28க்கே உள்ளே போனேன்.

டொக்...

கடைசி அடுக்குக்குப் பின்னால்.

1:29. டொக்... டொக்...

எட்டிப் பார்த்தேன். தரைப் பனியில் ஈரமாக இரண்டு செருப்புத் தடம். என் பக்கம் திரும்பியிருந்தது.

“சாப்பிடப் போகலையா தம்பி?”

தினமும் இதே நேரத்துக்கு அண்ணன் என்னிடம் கேட்பது...

ஓடினேன்.

வாசலை எட்டியபோது 1:31. கதவு திறந்தே இருந்தது.

சாயங்காலம் எலக்ட்ரீஷியனிடம் சென்சரை மாற்றச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“எந்த சென்சர் சார்? அதைத்தான் போலீஸ் அன்னைக்கே கழட்டிட்டுப் போயிட்டாங்களே.”

சென்சர் இல்லாவிட்டால் ‘ட்ரூ’ என்று வைத்துக்கொள்ளும்படி எழுதியதும் நான்தான். அப்படியானால் 1:30க்குக் கதவு என்னை உள்ளே வைத்துப் பூட்டியிருக்க வேண்டும்.

பதிவில் ‘ஃபால்ஸ்’ என்று இருந்தது.

உள்ளே ஆள் இருக்கிறது என்று அவர் எனக்காகச் சொல்லியிருக்கிறார். மேனேஜர் எழுதியது பொய் என்று அவருக்காக நான் இன்னும் சொல்லவில்லை.