வலிக்காத இடம்

காலை ஊசியை நான் ஒருநாளும் அவசரமாகப் போட்டுக்கொண்டதில்லை. எங்கள் விஜயநகர் வீட்டு மாடியில் கிழக்குப் பார்த்த ஜன்னல் ஒன்று உண்டு. அங்கே நாற்காலியை இழுத்துப் போட்டு, தொப்புளுக்கு வலப்பக்கம் இரண்டு விரல் தள்ளி இன்சுலின் பேனாவை அழுத்திவிட்டு, பத்து எண்ணும்வரை வெளியே பார்த்துக்கொண்டிருப்பேன். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகளுக்கு மேலே, பனிக்குள் சாமுண்டி மலை இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. அந்த இடத்தில் ஊசி துளியும் வலிக்காது. எட்டு வருஷச் சர்க்கரை நோயில் எனக்குக் கிடைத்த ஒரே சலுகை அது என்று நினைத்திருந்தேன்.

கடைசி இரண்டு வருஷத்தில் பதினொரு கிலோ ஏறினேன். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. சோற்றைப் பாதியாக்கினேன். தினமும் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் நடந்தேன். தைராய்டு சரியாக இருந்தது. காலைச் சர்க்கரை மட்டும் இறங்க மறுத்ததால் டாக்டர் இன்சுலின் அளவைக் கூட்டினார், மறுபடியும் கூட்டினார்.

என் கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நாள் முழுக்க வீட்டில் இருக்கும் மனிதருக்கு ஏதாவது ஆராய்ச்சி வேண்டுமல்லவா, என்னை எடுத்துக்கொண்டார். "திங்காம எப்படி ஏறும்? காத்தக் குடிச்சா எடை போடும்?" என்பார். ஒருநாள் சர்க்கரை டப்பாவைத் திறந்தால் உள்ளே பேனாவால் ஒரு கோடு. அளவு குறித்து வைத்திருக்கிறார்! முப்பது வருஷம் அந்த அடுப்படியில் நின்றவள் நான். உடம்பெல்லாம் எரிந்தது. எடை குறையாவிட்டால் போகிறது, இந்த மனிதர் ஒரே ஒருமுறை என்னை நம்பினால் போதும் என்று அன்று நினைத்தேன்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மாலை நாலு மணிவாக்கில், அவர் நல்ல தூக்கத்தில் இருக்கும்போது, எனக்குச் சர்க்கரை இறங்கிவிடும். முதலில் வியர்க்கும். பிறகு தெருவில் போகும் ஸ்கூட்டர் சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல வரும். தரையில் விழுந்த வெயில் மெல்ல அசையும். நடக்கிறேனா மிதக்கிறேனா என்று தெரியாது. பயப்பட வேண்டிய விஷயம்தான். வெட்கத்தை விட்டுச் சொன்னால், எனக்கு அது பிடித்திருந்தது. எங்கோ தூரத்தில் என் கை பிஸ்கட்டைத் தேடும், வாழைப்பழத்தை உரிக்கும், சர்க்கரையை அள்ளும். தெளியும்போது மேசையில் பழத்தோல்கள் கிடக்கும்.

அதையெல்லாம் நான் சாப்பாடாக நினைத்ததே இல்லை. உயிரைப் பிடித்து வைக்கத் தின்றது தின்றதாகுமா? "நான் ஒண்ணும் சாப்பிடலைங்க" என்று மனசாரச் சொன்னேன். மயக்கம் வருவதை டாக்டரிடம்கூட மறைத்தேன். சொன்னால் பிஸ்கட்டையும் சொல்ல வேண்டும், இவர் ஜெயித்துவிடுவார்.

போன வருஷம் ஆஸ்பத்திரியில் ஒரு புது நர்ஸ் என்னைப் பார்த்தாள். தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் ராமாபுரத்துப் பெண். என் தமிழைக் கேட்டதும் கன்னடத்தை விட்டுவிட்டாள். "ரகசியமா சாப்பிடறா, நீங்களாவது சொல்லுங்க சிஸ்டர்" என்று இவர் புகார் வாசித்தார். அவள் அதைக் காதில் வாங்காமல் என் வயிற்றை விரல்களால் அழுத்திக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"ஏனுங்க மேடம், தெனமும் இங்கயேதான் போடறீங்களா?"

"ஆமா. அங்கதான் வலிக்காது."

"அதானுங்க. ஒரே எடத்துல குத்திக் குத்தி, உள்ள கொழுப்பு கட்டியாட்டம் ஆயிருச்சு. தொட்டுப் பாருங்க."

தொட்டேன். அரை எலுமிச்சம்பழம் அளவுக்கு, ரப்பர் மாதிரி ஒரு மேடு. என் உடம்பில் எனக்கே தெரியாமல் வளர்ந்திருந்தது.

"இதுக்குள்ள போற மருந்து அங்கயே தங்கிக்கும். அப்புறம் நெனச்ச நேரத்துல மொத்தமா ரத்தத்துல எறங்கும். அப்பத்தான் படபடன்னு வந்து, கைக்குக் கெடைச்சதையெல்லாம் திம்பீங்க. திங்காம இருந்திருந்தா விழுந்திருப்பீங்க மேடம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டினேன். கூட்டிய மருந்து, அது இழுத்துவிட்ட பசி, அந்தப் பசிக்குத் தின்றது, அதற்காக மறுபடி கூட்டிய மருந்து. இரண்டு வருஷம் அதற்குள்ளேயே சுற்றியிருக்கிறேன். டாக்டர் வந்து, புது இடத்தில் மருந்து முழுசாகப் பிடிக்கும் என்பதால் அளவைக் குறைத்தார். எடை மெல்லத்தான் இறங்கும் என்றார். தொடை, கையின் பின்பக்கம் என்று நர்ஸ் மாற்றி மாற்றிப் போடச் சொன்னாள். கையின் பின்பக்கத்துக்கு இன்னொருவர் உதவி வேண்டும்.

மன்னிப்புக் கேட்கும் வழக்கம் என் கணவருக்குக் கிடையாது. மறுநாள் காலை குளித்துவிட்டு வந்து, பேனாவை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

"வலிச்சா சொல்லு."

குத்தினார். பழகாத தோல், சுரீரென்றது.

"வலிக்குதுங்க" என்றேன்.

அதை அவர் உடனே நம்பினார்.