ஃப்ரீமான்டில் ஒரு திருப்பூர் ஓட்டு

"இன்னும் பதினேழு வேணுமுங்க தம்பி" என்று சொல்லிக்கொண்டேதான் வசந்தாமணி ஆன்ட்டி காலையில் என் மகன் ஷ்ரேயஸைக் கையில் வாங்குவார். இடுப்பில் ஏற்கெனவே ஒரு குழந்தை இருக்கும், காதில் ஒற்றை இயர்போன் இருக்கும். பதினேழு என்பது தில்லியில் ஆட்சி அமைக்க அவருடைய அணிக்குக் குறைகிற எம்.பி.க்களின் எண்ணிக்கை. போன வாரம்தான் மகன் க்ரிஷை ஆன்ட்டி வீட்டிலேயே நடத்துகிற இந்த டேகேரில் சேர்த்த அஞ்சனாவுக்கு அது தெரியாது. மறுநாள் மிகப் பொறுப்பாகப் பதினேழு டயாப்பர் எண்ணிக் கொண்டுவந்து கொடுத்தார். ஆன்ட்டி மறுக்காமல் வாங்கி அலமாரியில் அடுக்கிவிட்டு, "நீங்களாச்சும் கொடுத்தீங்களே கண்ணு" என்றார்.

அமெரிக்காவில், ஃப்ரீமான்ட் நகரின் மௌரி அவென்யூவுக்குப் பின்னால் இருக்கிற மூலை வீடு. ஆறு குழந்தைகள், எல்லாம் ஐந்து வயதுக்குக் கீழே. குழந்தைகளுக்கு ஸ்க்ரீன் டைம் அறவே கிடையாது என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார். ஆன்ட்டிக்கு உண்டு. நம் காலை அங்கே இரவு என்பதால், பிள்ளைகள் இட்லி சாப்பிடுகிற நேரத்தில்தான் சென்னைத் தொலைக்காட்சிகளில் நான்கு பேர் உட்கார்ந்து சத்தம் போடுவார்கள். பருப்பு டப்பாவின் மேல் போனைச் சாய்த்து வைத்து, சுவர்ப்பக்கமாகத் திருப்பிப் பார்த்துக்கொள்வார். பொம்மை லாரிக்கு இரண்டு பேர் அடித்துக்கொண்டால் ஆன்ட்டி பிரித்துவிட மாட்டார். "ரெண்டு பேரும் உக்காந்து ஒரு பொதுத் திட்டம் போடுங்க சாமி. அப்புறம் லாரி யாருதுன்னு பேசலாம்" என்பார்.

தனக்குப் பிடிக்காத காரியத்தைத் தடுக்கவும் மனமில்லாமல், சேரவும் மனமில்லாமல் நிற்கும்போது அவர் சொல்கிற வார்த்தை ஒன்று உண்டு: "வெளிய இருந்து ஆதரவு." கணவர் மகாதேவன் புதிதாக வாங்கிய எலெக்ட்ரிக் காருக்கு அவர் தந்திருப்பது அதுதான். ஓட்ட மாட்டார், உட்கார மாட்டார், வாசலில் நின்று வழியனுப்புவார். தொற்று எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஷ்ரேயஸ் இப்போது கேரட்டைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, மரியாதையாக "அவுட்சைட் சப்போர்ட்" என்கிறான்.

திருப்பூரில் இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்தவர் ஆன்ட்டி. அங்கே யூனியனில் சேர்ந்து, யூனியன் வழியாகச் செங்கொடிக்கு வந்து, அப்படியே நின்றுவிட்டார். கல்யாணத்துக்குப் பிறகு கணவரோடு இங்கே வந்தும் கொடி மாறவில்லை. மகாதேவன் குபெர்டினோவில் ஒரு சிப் கம்பெனி எஞ்சினியர், அரசியல் என்றால் பக்கத்து அறைக்குப் போய்விடுகிறவர். அவர் அமெரிக்கக் குடிமகனாகிப் பல வருடமாகிறது. ஆன்ட்டி ஆகவில்லை. ஆகிவிட்டால் ஊர் ஓட்டு போய்விடும் என்பதுதான் காரணம், வேறொன்றும் இல்லை. மக்களவைத் தேர்தல் வந்தால் டேகேரைப் பத்து நாள் மூடிவிட்டு விமானம் ஏறிவிடுவார். தபாலில் போட வழியில்லை, நேரில் போய் பாஸ்போர்ட்டைக் காட்டி வரிசையில் நிற்க வேண்டும். தேர்தல் ஆணையத்துக்கு அடுத்தபடியாக வாக்குப்பதிவுத் தேதியைத் தலைகீழாகத் தெரிந்து வைத்திருப்பவர்கள் இந்த ஆறு குழந்தைகளின் பெற்றோர்தான். லீவு போட வேண்டுமே.

மகாதேவனுக்கு இதில் ஒரே ஒரு வருத்தம். ரிட்டையர் ஆனதும் திருப்பூரில் போய் வருடக்கணக்கில் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார். ஆன்ட்டி மாதிரி கிரீன் கார்டு மட்டும் வைத்திருக்கிறவர் அப்படித் தங்கிவிட்டுத் திரும்பினால் வம்பு. ஆகவே திருப்பூரில் நிம்மதியாக வாழ்வதற்காக மனைவியை அமெரிக்கக் குடிமகளாகும்படி மன்றாடுகிறார். திருப்பூரில் ஓட்டுப் போடுவதற்காக ஃப்ரீமான்டில் இந்தியராகவே இருப்பேன் என்று மனைவி பிடிவாதம் பிடிக்கிறார். இருவரும் விரும்புவது ஒரே ஊரைத்தான் என்பது அவர்களுக்கும் தெரியும்.

இந்த முறை ஆன்ட்டி போன கதை கொஞ்சம் சோகம். அவருடைய தொகுதியைக் கூட்டணியில் வேறொரு சின்னக் கட்சிக்கு விட்டுக்கொடுத்துவிட்டார்கள். அந்தக் கட்சி நிறுத்தியது ஒரு மில் முதலாளியை. யூனியன்காரர்கள் தெருவில் வந்தாலே கேட்டைப் பூட்டச் சொல்கிற மனிதர். "ஆயிரக்கணக்கில டாலர் கொடுத்து டிக்கெட் போட்டு, அந்தாளுக்கு அமுக்கிட்டு வந்தேனுங்க. கூட்டணி தர்மம். கசாயம் குடிக்கிற மாதிரி கண்ணை மூடிக்கிட்டேன்" என்றார். அந்தாள் சில நூறு ஓட்டில் ஜெயித்தார். ஆன்ட்டிக்கு அதில் லேசான பெருமையும் இருந்தது.

முடிவு வந்தபோது யாருக்கும் பெரும்பான்மை இல்லை. நாலே எம்.பி. வைத்திருந்த அந்தச் சின்னக் கட்சிக்கு ஒரே நாளில் ராஜயோகம். எதிர் அணி விலை பேசுகிறது என்றதும், நாலு பேரையும் பஸ்ஸில் ஏற்றி மலையடிவாரத்தில் ஒரு ரிசார்ட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். மில் முதலாளி துண்டைக் கட்டிக்கொண்டு நீச்சல் குளத்தில் கால் நனைக்கிற படம் வந்தது. ஆன்ட்டி அதைப் பெரிதாக்கி என்னிடம் காட்டினார். "இருபத்திரண்டு மணி நேரம் பறந்து போய்ப் போட்ட ஓட்டு தம்பி. இப்ப தண்ணியில கிடக்குது பாருங்க."

பழைய ஆபீஸ் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் போர் மூண்டது. இவர்களுடைய சொந்தக் கட்சி மந்திரிசபையில் சேர்வதா, வெளியே நிற்பதா என்று. கூட வேலை பார்த்த நாகமணி, "உள்ள போனாத்தான் வசந்தா நாலு நல்லது நடக்கும்" என்று குரல் பதிவு அனுப்புவார். "உள்ள போனவன் எவன்டி வாயைத் திறந்தான்" என்று இவர் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டே பதில் அனுப்புவார். முதலில் பதினேழு பேரைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதை இருவருமே கண்டுகொள்ளவில்லை.

ஒரு நாள் கோபம் தலைக்கேறி, அந்த நாலு பேரும் அணி மாறினால் தான் அன்றைக்கே அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பிப்பதாகச் சபதம் செய்துவிட்டார். அதற்குப் பிறகு மகாதேவனிடம் ஒரு மாற்றம். பக்கத்து அறைக்குப் போகிறவர், காபியை எடுத்துக்கொண்டு விவாதம் பார்க்க வந்து உட்கார ஆரம்பித்தார். முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. "மில்லுக்காரர் நல்ல மனுஷன்தான்னு சொல்லிக்கறாங்க" என்று மட்டும் ஒருநாள் மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

ஆன்ட்டி சும்மா இருக்கிறவரா. நாகமணியிடம் நம்பர் வாங்கி, ஒரு காலையில் நான் ஷ்ரேயஸின் ஷூவைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே மில் முதலாளி எம்.பி.யின் உதவியாளருக்குப் போன் போட்டுவிட்டார். கையில் மாவு, அதனால் ஸ்பீக்கரில்.

"வணக்கமுங்க. உங்க தொகுதி வோட்டர் பேசறேன். ஃப்ரீமான்ட்டுங்க."

"அது எந்த வார்டுங்கம்மா?"

"கலிஃபோர்னியாவுங்க."

"தண்ணிப் பிரச்சினைங்களா?"

"தண்ணியெல்லாம் வருதுங்க. அண்ணன் அக்கட்ட போகப் போறாருன்னு டிவியில சொல்றாங்களே, நெசமான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."

இதற்குள் க்ரிஷ் அழ, அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் அழ, வீடு ரெண்டுபட்டது. "குழந்தைங்க எல்லாம் உங்களுதுங்களாம்மா?" என்றார் உதவியாளர்.

"ஆறும் என்ற புள்ளைங்கதானுங்க. அதுங்களை விட்டுப்போட்டு வந்து ஓட்டுப் போட்டேன்னு அண்ணங்கிட்டச் சொல்லுங்க."

"ஒரு ஓட்டுக்காகவா அத்தனை தூரம் வந்தீங்க?" அவர் கேலி செய்யவில்லை. நிஜமான ஆச்சரியத்தில்தான் கேட்டார்.

ஆன்ட்டி மாவுக் கையைப் பாத்திரத்தின் விளிம்பில் வழித்துவிட்டு, "அந்த ஊர்ல எனக்குன்னு வேற என்னங்க இருக்குது" என்றார். அண்ணனிடம் சொல்வதாகச் சொல்லி உதவியாளர் வைத்துவிட்டார்.

சொன்னாரோ இல்லையோ, நான்காம் நாள் நாலு பேரும் அக்கட்ட, எதிர் அணிக்கே போய்விட்டார்கள். மில் முதலாளி இணையமைச்சரானார். மறுநாள் காலை நான் பழக்கத்தில், "இன்னைக்கு எவ்வளவு ஆன்ட்டி?" என்று கேட்டுத் தொலைத்தேன். அவர் காதில் இயர்போன் இல்லை. "கணக்கெல்லாம் முடிஞ்சுதுங்க தம்பி" என்று பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். எந்தக் கட்சியும் இல்லாத எனக்கே அன்றைக்கு ஆபீசில் வேலை ஓடவில்லை. முன்பின் தெரியாத ஒரு மில் முதலாளியை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

மாலை பிள்ளையை அழைத்துவரப் போனபோது சாப்பாட்டு மேஜையில் மகாதேவனின் லேப்டாப் திறந்திருந்தது. இத்தனை வருடம் காத்திருந்து ஜெயித்த மனிதர், ஜெயித்த முகத்தோடு இல்லை. மனைவி பக்கம் பார்க்காமலே பேசினார்.

"எல்லாம் ஃபில் பண்ணிட்டேன் வசந்தா. சப்மிட் மட்டும் நீ பண்ணு. இன்னைக்கே பண்ணணும்னு இல்ல."

"சொன்ன சொல்லு சொன்னதுதானுங்க. பண்றேன்."

ஆன்ட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கையைக் கொண்டுபோனவர், பாதியில் நிறுத்தினார். இடது ஆட்காட்டி விரலை நீட்டிக் காட்டினார். வாக்குச்சாவடியில் வைத்த மை, தோலில் அழிந்து, நகத்தில் மட்டும் கறுப்பாக மிச்சமிருந்தது. "இது போகட்டும். இந்த மையை வச்சுக்கிட்டு இன்னொரு ஊருக்குச் சத்தியம் பண்ண எனக்கு மனசு வரலீங்க."

மகாதேவன் எஞ்சினியர் அல்லவா. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலைப் பிடித்துப் பார்த்தார். "நகம் வளர்ந்து நுனிக்கு வந்திருச்சே. வெட்டினா போயிரும்" என்று அலமாரியைத் துழாவி நகவெட்டியை எடுத்துவந்து நீட்டினார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

ஆன்ட்டி மறுப்புச் சொல்லாமல் வாங்கிக்கொண்டார். மேஜையில் ஒரு பேப்பர் டவலை விரித்தார். வலது கைப் பெருவிரலில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் வெட்டினார். ஷ்ரேயஸ் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தான். வலது கை முடிந்து இடது கை. பெருவிரல், அப்புறம் நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல். வெட்டிய நகங்களைப் பேப்பரோடு சுருட்டி, நகவெட்டியைக் கணவர் கையில் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த ஆட்காட்டி விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.